அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்

1

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்று இதன் நாயகரே என்னிடம் சொல்லியிருக்கிறார். தேனாம்பேட்டை சிக்னலுக்குப் பக்கத்தில், டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, சூடான டம்ளரைக் கைக்குட்டையால் பிடித்தபடி சொன்னார்.

"எழுதாதீங்க மேடம். எழுதினா கண்ணைப் பத்தித்தான் எழுதுவீங்க. ரிப்போர்ட்டைப் பத்தி எழுத மாட்டீங்க."

ரிப்போர்ட்டைப் பற்றியே எழுதுகிறேன் என்றேன்.

"அதை யாரு படிப்பா?" என்று சிரித்தார்.

அவர் சொன்ன இரண்டுமே சரி. அதனால்தான் இந்தக் கதை சில மாதங்களாக என் மேஜையில் கிடக்கிறது. பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், "கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கியே, அதை வெச்சு ஒண்ணு குடேன்" என்று கேட்டபோது வேறு எதுவும் கையில் இல்லை. கதையின் பிறப்பு இவ்வளவுதான். ஒருவர் வேண்டாம் என்றார், ஒருவர் வேண்டும் என்றார். வேண்டும் என்றவர் பக்கத்துத் தெருக்காரர்.

என்னைப் பற்றி ஒரு வரி. பெயர் சுப்புலக்ஷ்மி. பகலில் ஒரு மென்பொருள் கம்பெனியில் கையேடு எழுதுகிறேன். இந்தப் பொத்தானை அழுத்தினால் இது நடக்கும் என்கிற வகை வாக்கியங்கள், ஆங்கிலத்தில். சாயங்காலம் மயிலாப்பூருக்குத் திரும்பித் தமிழில் கதை எழுதுகிறேன். அதில் எதை அழுத்தினாலும் எதுவும் நடப்பதில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்களை மறைக்காமல் இங்கேயே வைக்கிறேன்.

"கனகராஜின் உலகத்தில் ஒளி இல்லை, ஆனால்..."

(அந்த 'ஆனால்' வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். அதற்குப் பின்னால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.)

"விரல்களால் உலகத்தைப் பார்த்த ஒரு மனிதரின்..."

(பொய். விரல்களால் அவர் கீபோர்டைத் தட்டினார். உலகத்தை அவர் பார்க்கவில்லை.)

"தி.நகர் ஜவுளிக்கடைக் குடும்பத்தில் இளைய மகனாகப் பிறந்த கனகராஜ்..."

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உஸ்மான் சாலையை ஒட்டி அப்பா ஆரம்பித்த கடை. அண்ணன் சக்திவேல் அதைப் பார்த்துக்கொண்டார். கனகராஜ் பொறியியல் படித்தார். பள்ளி நாட்களிலேயே அவருக்கு மாலைக்கண் இருந்தது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் நோய், மருந்து கிடையாது என்றார்கள் டாக்டர்கள். முதலில் சினிமாக் கொட்டகையில் இருக்கையைத் தடவித் தேடினார். பிறகு பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாமல் போனது. பிறகு எதிரில் நிற்கும் ஆள். 1995இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் அதுவும் போய்விட்டது.

அதற்குள் அவர் தன் வாழ்க்கையின் முக்கியமான புரோகிராமை எழுதி முடித்திருந்தார்.

3

எங்கள் கம்பெனி அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு மாடி, அவ்வளவுதான். முதலாளி சுந்தரராமன். கடைகளுக்கும் சிறிய தொழிற்சாலைகளுக்கும் சரக்கு, விற்பனை, சம்பளம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றைச் செய்தோம். உண்மைப் பெயர் வேண்டாம், 'பண்டகம்' என்று வைத்துக்கொள்வோம். 1996இல் சுந்தரராமன், அதிகம் பேர் துணியாத காரியம் ஒன்றைச் செய்தார். பண்டகத்தின் நிரல் முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். எங்கெங்கோ இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், திருத்தங்களும் அனுப்பினார்கள். எல்லோரும் பேசிக்கொள்ள ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. அதை 'லிஸ்ட்' என்போம். டயல்-அப் இணைப்பு கிறீச்சிட்டு ஒட்டிக்கொண்டதும் ஜெர்மனியும் பிரேசிலும் எங்கள் மாடிக்கு வந்துவிடும்.

பண்டகத்தில் ரிப்போர்ட் பகுதி முழுவதும் கனகராஜ் எழுதியது.

[அகராதி 'அறிக்கை' என்கிறது. ஆனால் அறிக்கை என்பது கட்சித் தலைவர்கள் விடுவது. கடைக்காரர் கேட்பது ரிப்போர்ட். எந்த ரகம் போயிற்று, எது அலமாரியிலேயே கிடக்கிறது, யார் லீவு. கணினிக்குள் எவ்வளவு போட்டாலும், ஒரு தாளாக வெளியே வராதவரை அது யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. இந்த இடத்தில் கதைகளையும் ரிப்போர்ட்டுகளையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

கனகராஜின் கருவி வெறும் எழுத்துகளால் ரிப்போர்ட் தயாரித்தது. பத்திகளைப் பிரிக்க இடைவெளி, கோடு போட வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். ஊசி பிரிண்டரில் கரகரவென்று ஓடும். பார்க்கச் சகிக்காது, ஆனால் கூட்டல் ஒருநாளும் தப்பாது.

அவருடைய கணினியோடு ஒரு பேசும் பெட்டி இணைந்திருந்தது. அமெரிக்காவில் இருந்த கல்லூரி நண்பர் அனுப்பியது. திரையில் எழுத்தாக எது வந்தாலும் அது வாசித்துச் சொல்லும், மூக்கால் பேசும் ஓர் அமெரிக்கக் குரலில். 'சின்னாளப்பட்டி' என்ற சொல் அதன் வாயில் படும் பாட்டைக் கேட்க அடுத்த அறையிலிருந்தெல்லாம் வருவார்கள். வாடிக்கையாளர் போன் செய்து கணக்கு உதைக்கிறது என்பார். கனகராஜ் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்பார். "உங்க ஆளு ஒரே பில்லை ரெண்டு தடவை போட்டிருக்காரு" என்பார். அது அவர் வேலை. அதை நன்றாகச் செய்தார்.

எங்கள் ஆபீசுக்கு வெளியே, லிஸ்டில் இருந்த யாருக்கும் அவருக்குக் கண் தெரியாது என்பது தெரியாது.

4

இந்த இடத்தில் ஒரு சந்தேகம்.

நாங்கள் எழுதும் கதைகளில் கண் தெரியாதவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே பார்க்கிறார்கள். காலடியோசையில் ஆளைக் கண்டுபிடிப்பார்கள், குரலில் பொய்யைக் கண்டுபிடிப்பார்கள். என் முதல் பிரதியிலும் கனகராஜ் அப்படித்தான் வந்தார். அது அவரே அல்ல. நிஜக் கனகராஜ் வாரம் ஒருமுறையாவது என் நாற்காலியில் இடித்துக்கொண்டு எரிச்சல்படுவார். யார் பக்கத்தில் நின்றாலும் வாய் திறக்காதவரை அவருக்குத் தெரியாது. சட்டென்று கோபம் வரும். கிரிக்கெட் கமென்ட்ரி ஓடும்போது யாராவது பேசினால் அடிக்க வருவார். அடுத்தவர் எழுதிய நிரலில் தப்பு கண்டுபிடித்தால் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்.

அவருக்கு ஞானம் எதுவும் இல்லை. புத்தி இருந்தது. திமிரும் இருந்தது. அந்தத் திமிரை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் எனக்கு உதவியாக இருக்கும்.

5

ஸ்ரீநாத் வருகிறான்.

அடையாறு பையன், இருபத்தாறு வயது, வேகமாக வேலை செய்பவன். முதல் பிரதியில் அவனை வில்லனாக்கப் பார்த்தேன். ஒரு கூலிங் கிளாஸ்கூட மாட்டிவிட்டேன். நிலைக்கவில்லை. ஏனென்றால் சாயங்காலம் கனகராஜைத் தோளில் கை போடவிட்டுப் படியிறக்கி, ஆட்டோ வரும்வரை கூடவே நிற்பவன் அவன்தான்.

1998 ஜூனில் அவன் லிஸ்டில் ஒரு யோசனையை வைத்தான். பண்டகத்தின் ரிப்போர்ட் கருவியை மொத்தமாக மாற்றிவிடலாம். புதியது பக்கத்தைப் படமாகவே வரைந்துவிடும். கட்டம், நிழல், கம்பெனிச் சின்னம், கலர் எல்லாம் வரும். லிஸ்ட் கொண்டாடியது. வாடிக்கையாளர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒருவர், "என்ன சார், தந்தி வந்திருக்கா?" என்று கேட்டது எனக்கே தெரியும்.

சுந்தரராமன் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எல்லாரும் லேசர் பிரிண்டர் வாங்கிண்டிருக்கா, கனகராஜ். நாம இன்னும் கோடு கோடா குடுத்துண்டிருந்தா எடுத்துக்க மாட்டா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் சார். மாதிரி ஒண்ணு இருந்தா குடுங்க, கேட்டுப் பாக்கேன்."

கனகராஜின் மேஜைக்கு வந்ததும், ஸ்ரீநாத் புதிய கருவி செய்த ரிப்போர்ட் ஒன்றை அவர் கணினியில் திறந்தான். பேசும் பெட்டி தொண்டையைச் செருமியது.

"பர்சன்ட். எக்ஸ்க்ளமேஷன். பி. எஸ்..."

எண்கள், அடைப்புக்குறிகள், வெட்டுண்ட எழுத்துகள், மறுபடி எண்கள். பக்கத்தை வரைவதற்கான கட்டளைகளை அது அப்பாவியாக வாசித்துக்கொண்டே போனது. எங்கோ நடுவில் ஒரு வாடிக்கையாளர் பெயர் மூன்று துண்டாக வந்தது. கனகராஜ் கை நீட்டி அதை அணைத்தார்.

"மேடம், பாக்க அழகா இருக்கா?"

ஸ்ரீநாத் அச்சிட்ட தாள் என் கையில் இருந்தது. "இருக்கு" என்றேன். அழகாகத்தான் இருந்தது.

"ஸ்ரீநாத், இதோட பழைய மாதிரி வெறும் எழுத்தாவும் ஒண்ணு வர்ற மாதிரி வச்சுக்கிடலாமா?"

"வெச்சுக்கலாம் சார். ஆனா ரெண்டையும் யார் மெயின்டெய்ன் பண்றது? இப்போ இதை முடிச்சுடறேன். அதை அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம் சார்."

அவன் மனதாரச் சொன்னான். என் தொழிலில் நான் கேட்டதிலேயே நம்பிக்கைக்கு இடம் தராத சொற்றொடர் அது. மனதாரச் சொல்லப்படுவதால்தான்.

6

லிஸ்டிலேயே கேட்பது என்று கனகராஜ் முடிவு செய்தார். வெறும் எழுத்து ரிப்போர்ட்டை நீக்கக் கூடாது என்று ஒரு மின்னஞ்சல். ஆங்கிலத்தைச் சீர்செய்ய நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

மாடியில் இரண்டு அறை. கீழே ரங்கநாதன் தெருவுக்குப் போகிற கூட்டத்தின் இரைச்சல். அவர் மனைவி தேவானை பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். காபி கொடுத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். பழைய கருவி சின்னது, வேகமானது, பழைய பிரிண்டர்களிலும் ஓடும், எனவே இருக்கட்டும். அவ்வளவுதான் மின்னஞ்சல்.

"இவ்வளவுதானாக்கா?" என்றாள் தேவானை.

"இவ்வளவுதான்" என்றார் கனகராஜ்.

"உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்கிறதை எழுதலையே. படமா வந்தா என்னால படிக்க முடியாதுன்னு ஒரு வரி எழுதுங்களேன்."

"எழுத மாட்டேன்."

"ஏன்?"

"எழுதினா வச்சுக்கிடுவாங்க."

"அதுக்குத்தானே எழுதுறது!"

"அப்படி வச்சுக்கிட்டா அது எனக்காகப் பாவம் பாத்து விட்டது. நல்லா இருக்குன்னு வச்சது இல்ல."

தேவானை என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. பஸ்ல சீட்டு குடுத்தா உக்காரத்தானே செய்யுறாரு? அதுல போகாத மானம் இதுல போயிருமா?"

கனகராஜ் காபி டம்ளரை வைக்க மேஜையைத் தேடினார். நகர்த்திக் கொடுக்கப் போன என் கையைத் தேவானை தடுத்தாள். அவரே தேடி வைத்தார்.

"இங்க பாரு. அந்த லிஸ்ட்ல ஒரு ஜெர்மன்காரன் இருக்கான். போன மாசம் நான் எழுதினதைப் பாத்து, 'இதைத் தூக்கத்துல எழுதினியா'ன்னு கேட்டான். நானும் பதிலுக்குக் குடுத்தேன். ரெண்டு நாள் சண்டை. கடைசில அவன் சொன்னதுதான் சரி. இந்த ஊர்ல என்னைய யாரு அப்படித் திட்டுறா? அண்ணன் திட்டுதாரா? ஆபீஸ்ல திட்டுறாங்களா? நான் தப்பா எழுதினாக்கூட, 'பரவாயில்ல சார்'ங்காங்க. கண்ணு தெரியாதுன்னு ஒரு வரி எழுதினா நாளையிலேர்ந்து அந்த ஜெர்மன்காரனும் பரவாயில்லன்னு சொல்லிருவான்."

"அப்ப வேலை போனாப் பரவாயில்லையா?" என்றாள் தேவானை. அவள் குரல் உயரவே இல்லை. வகுப்பில் கடைசிப் பெஞ்சிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

கனகராஜ் என் பக்கமாகத் திரும்பி, "மேடம், நீங்களும் அங்க எதுவும் எழுதக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றார்.

பண்ணினேன்.

(இந்தக் காட்சியை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். அதில் தேவானை ஜெயிக்கிறாள். நன்றாகவே வந்தது. 'அவர் மௌனமாகத் தலையசைத்தார்' என்ற வரியில் எனக்கே கண்ணீர் வந்தது. என் கண்ணீரை நான் நம்புவதில்லை. கிழித்துவிட்டேன்.)

7

பதில்கள் வந்தன. எல்லாமே மரியாதையான பதில்கள். இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றி, வெறும் எழுத்தை இப்போது யார் படிக்கிறார்கள், பழைய பிரிண்டர்கள் இன்னும் ஓரிரு வருஷத்தில் குப்பைக்குப் போய்விடும். அந்த ஜெர்மன்காரர் மட்டும், "பழசின் மேலுள்ள ஏக்கத்தைத் தவிர இதற்கு வேறு காரணம் இருந்தால் சொல்" என்று எழுதினார். அதை நான் வாசித்துக் காட்டியபோது கனகராஜ் கொஞ்சம் சிரித்தார். அதற்கு என்ன பதில் எழுத என்று கேட்டேன்.

"வேண்டாம்."

வாக்கெடுப்பு நடந்தது. பழைய கருவியை நீக்குவது என்று முடிவாயிற்று.

அடுத்து நடந்ததை நான் கற்பனை செய்திருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். ஸ்ரீநாத்தின் புதிய கருவி பக்கத்தை அழகாக வரைந்ததே தவிர, கணக்கில் தடுமாறியது. ஒரு பக்கத்தின் கூட்டல் அடுத்த பக்கத்துக்குச் சரியாகப் போகவில்லை. அந்த நுணுக்கமெல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான். சுந்தரராமன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்களைக் கேக்கறதுக்கே எனக்கு ஒரு மாதிரி இருக்கு, கனகராஜ்."

"ஏன் சார்? குடுங்க, நானே எழுதுறேன். தப்பான கூட்டலோட வெளிய போகக் கூடாது."

ஆறேழு மாதம் அந்த வேலை நடந்தது. நிரல் எழுத்துதானே, பெட்டி அதை வாசித்தது. வந்து விழும் பக்கத்தைத்தான் அவரால் அறிய முடியாது. அதற்கு நான். தாளில் ஸ்கேலை வைத்து, "இடது கோடு கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கு, தலைப்பு கட்டத்தை இடிக்கறது" என்று சொல்வேன். அவர் எண்ணை மாற்றுவார். மறுபடி அச்சு, மறுபடி ஸ்கேல். "இப்ப எப்படி இருக்கு?" என்பார். மெல்ல மெல்ல அந்தப் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை போல ஆகிக்கொண்டு வந்தது. தன்னை வெளியே வைத்துப் பூட்டப்போகும் கதவுக்கு அவரே பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்...

(உவமை. இருக்கட்டும், இந்த ஒன்றை விட்டுவிடுங்கள். ஆறேழு மாதம் ஸ்கேல் பிடித்தவள் நான்.)

8

புதிய பண்டகம் 1999 பிப்ரவரியில் வெளியானது. முதலில் மாற்றிக்கொண்ட வாடிக்கையாளர்களில் அண்ணன் சக்திவேலின் கடையும் ஒன்று. கனகராஜோடு நானும் போயிருந்தேன். புடவை மூட்டைகளுக்கு நடுவே லேசர் பிரிண்டர் சத்தமில்லாமல் ஒரு தாளைத் தள்ளியது. மேலே கடையின் சின்னம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே கட்டம் கட்டமாக விற்பனை.

சக்திவேல் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"டேய் கனகு, இப்பத்தான்டா பாக்க லட்சணமா இருக்கு! இதை முதல்லயே செய்யாம இத்தனை நாள் என்னடா பண்ணிக்கிட்டு இருந்த?"

கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "என் தம்பி செஞ்சது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு பாசத்தோடு அந்தத் தாளைத் தம்பியின் கையிலேயே கொடுத்தார்.

கனகராஜ் அதை வாங்கிக்கொண்டார். இரண்டு பக்கமும் தடவினார். வழவழப்பான தாள். ஊசி பிரிண்டர் தாளிலாவது எழுத்து அழுந்திய தடம் கைக்குத் தட்டுப்படும். இதில் ஒன்றுமே இல்லை.

"நல்லா இருக்குண்ணே" என்றார்.

9

நீங்கள் கேட்கலாம். நிரல்தான் திறந்து கிடக்கிறதே. பழைய கருவியைத் தன் கணினியில் தனக்காக அவர் வைத்துக்கொண்டிருக்கலாமே?

வைத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. அதுதான் அதன் சுதந்திரம். ஆனால் பண்டகம் நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தது. கோப்புகளின் அமைப்பு மாறியது, பெயர்கள் மாறின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் தன் பழைய கருவியைத் தனியாகத் திருத்த வேண்டும். உலகம் பூராவும் பலர் சேர்ந்து ஓட்டும் வண்டிக்குப் பின்னால் ஒருவர் மட்டும் ஓடினார். மழைக்காலம் வருவதற்குள் வாடிக்கையாளரின் புதிய கோப்பு எதையும் அவரால் திறக்க முடியவில்லை.

போன் வந்தால், "ஒரு நிமிஷம், ஸ்ரீநாத்துக்குக் குடுக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு போன்கள் நேராகவே ஸ்ரீநாத்துக்குப் போயின. யாரும் அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. சுந்தரராமன் அவர் மேஜையைக் காற்று வரும் ஜன்னலோரம் மாற்றிக் கொடுத்தார். சம்பளம் வந்தது. பகல் முழுக்க அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஒருநாள் மதியம் அவர் ரேடியோவில் கிரிக்கெட் கமென்ட்ரி ஓடிக்கொண்டிருந்தபோது நான் மறந்துபோய் உரக்கப் பேசிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்ல மேடம்" என்றார்.

நவம்பரில் ராஜினாமா கொடுத்தார். கடைசி நாள் சாயங்காலம் வழக்கம்போல ஸ்ரீநாத்தும் நானும் கீழே நின்றோம். தினமும் வரும் ஆட்டோக்காரர் கபாலி பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

"இன்னா சார், கம்ப்யூட்டரு மிஷினெல்லாம் எட்த்துகினு போறே? நாளிக்கு வரமாட்டியா?"

"இல்ல கபாலி. இனிமே நந்தனம்."

"இன்னா வேலை சார் அங்கே?"

"போன் எடுக்குற வேலை."

"அது குந்திகினே செய்ற வேலை சார். ஷோக்கா கீது!"

ஸ்ரீநாத் சட்டென்று திரும்பி மாடிக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து நான் மேலே போனபோது, கழிவறைக் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே இருந்தான். நான் கூப்பிடவில்லை.

10

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) அவர் லிஸ்டுக்கு எல்லாவற்றையும் சொல்கிறார். ஜெர்மன்காரர் மன்னிப்புக் கேட்கிறார். வெறும் எழுத்து ரிப்போர்ட் திரும்பி வருகிறது. இது கையேட்டின் முடிவு. பொத்தானை அழுத்தினால் நடக்கிறது.

(ஆ) அவர் அண்ணன் கடையில் போய் உட்கார்ந்து, புடவைகளைத் தொட்டே ரகம் சொல்லக் கற்று... (இல்லை. அவர் அந்தப் பக்கமே போகவில்லை.)

(இ) ஒன்றும் நடப்பதில்லை. நந்தனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், கண் தெரியாதவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெலிபோன் ஆபரேட்டர் நாற்காலியில், பண்டகத்தின் ரிப்போர்ட் கருவிகள் இரண்டையுமே எழுதியவர் உட்கார்ந்து, கேட்கிற எண்ணுக்கு இணைப்புக் கொடுக்கிறார்.

(இ)தான் உண்மை. அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் டிசம்பரில் லிஸ்டுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

எழுதியவள் போலந்தில் ஒரு தையல் நூல் கடையில் கணக்கு பார்ப்பவள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறி இருந்தது. சுருக்கம் இதுதான்: "எனக்குக் கண் தெரியாது. என் கணினி எனக்குத் தினமும் ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டும். முதலாளி புதிய பண்டகத்தைப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து அது பர்சன்ட், எக்ஸ்க்ளமேஷன் என்கிறது. பழையதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. நான் படிப்பேன் என்பது அவருக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். இப்படி இருப்பது நான் ஒருத்தி மட்டும்தானா?"

பிரேசிலிலிருந்து ஒருவர் பதில் எழுதியிருந்தார். "மிகவும் வருந்துகிறோம். பழைய விவாதத்தைப் போய்ப் பார்த்தேன். கே. என்பவர் வெறும் எழுத்தை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆனால் யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீக்கியிருக்க மாட்டோம்."

கனகராஜ் லிஸ்டிலிருந்து எப்போதோ விலகிவிட்டார். இரண்டையும் அவர் படித்திருக்க முடியாது. நான் அச்செடுத்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டேன். கணவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இதை அவர்கிட்ட சொல்றது பாவம். சொல்லாம இருக்கறதும் பாவம். நீ எதைப் பண்ணினாலும் நம்ப ஆத்துல ஒரு வாரம் சாப்பாடு எறங்காது" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார்.

சொன்னால், அந்தப் பெண்ணுக்கு அவர் எழுதலாம். பழைய கருவியை மறுபடி கட்டலாம், இந்த முறை இரண்டு பேர். அல்லது, தன் மானத்துக்காக எங்கோ முகம் தெரியாத ஒருத்தியின் வேலையையும் சேர்த்துத் தொலைத்தோம் என்று மீதி நாளெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அவரை எனக்குத் தெரியும். எது நடக்கும் என்று மட்டும் தெரியவில்லை. வேண்டாம் என்று அவர் சொன்ன கதையை எழுதத் துணிந்தவளுக்கு, இதில் துணிச்சல் வரவில்லை.

நேற்று மதியம் ஆபீசிலிருந்து நந்தனத்துக்குப் போன் செய்தேன். தாள் மேஜைமேல் விரித்திருந்தது.

"வணக்கம், எக்ஸ்டென்ஷன் நம்பர் சொல்லுங்க."

"கனகராஜ், நான்தான்."

"சுப்பு மேடமா! என்ன, போன்லேயே வந்துட்டீங்க?" குரல் உற்சாகமாகத்தான் இருந்தது. தேவானை நன்றாக இருக்கிறாளாம். அங்கே டீ வாயில் வைக்க முடியவில்லையாம். ஸ்ரீநாத்துக்குப் பெண் பார்க்கிறார்களா என்று கேட்டார். பிறகு, குரலைத் தாழ்த்தி, தப்பான இடத்தைப் பற்றி விசாரிப்பவர் மாதிரிக் கேட்டார்.

"லிஸ்ட்ல என்ன மேடம் நடக்குது? யாராவது ஏதாவது கேட்டாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் வேறு மணி அடித்தது.

"ஒரு நிமிஷம் மேடம், லைன் வருது. வச்சுராதீங்க" என்றார். காதில் டிங் டிங்கென்று காத்திருப்போருக்கான பொம்மை இசை ஓட ஆரம்பித்தது.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. தாள் இதோ இருக்கிறது, நீங்களும் படித்துவிட்டீர்கள். இசை சட்டென்று நிற்கிறது.

"ஆங், சொல்லுங்க" என்கிறார் கனகராஜ்.